மன்னித்துவிட்டால் பேசக் கூடாது

மட்டலேனாவின் வீட்டுக்குச் சுவர் கிடையாது. கடலோரத் தீவுக் கிராமமான சலேயுத்தாவில் போதகர் வீட்டையும் ஊர்ப்பெரியவர் இரண்டொருவர் வீட்டையும் விட்டால் யார் வீட்டுக்கும் சுவர் கிடையாது. சுற்றிலும் தூண், மேலே கூரை, மழை வந்தால் இறக்கிவிடத் தென்னந்தட்டி, அவ்வளவுதான். சாலையில் போகிறவன் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்துவிட்டு, உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டுத்தான் போவான். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி நான்கு வருஷமாக அடைபட்டுக் கிடந்தாள் என்றால் நம்புவது கஷ்டம். ஊரும் நம்பவில்லை.

மட்டலேனா அடங்கிக் கிடக்கிற ரகம் இல்லை. தேவாலயப் பாட்டுக் குழுவில் பெண்கள் வரிசையில் அவளுடையதுதான் கனத்த குரல். அவள் சிரித்தால் கடலில் வலை போட்டுக்கொண்டிருக்கிறவன் கரையைத் திரும்பிப் பார்ப்பான். காலையில் பள்ளிக்கூட வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவுருண்டை பொரித்து விற்பாள். மத்தியானம் பெண்கள் சங்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பாள். புருஷன் ஃபெட்டு வருஷத்தில் பாதிக்கு மேல் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கிறான். மகனும் மீசை முளைத்ததும் அப்பனோடு கிளம்பிவிட்டான். வீட்டில் அவளும் மகள் லூபேயும்தான்.

லூபேக்குப் பதினாறு வயது. ஒருவரைப் பிடித்துவிட்டால் அவள் உயிரை விடுவாள். பிடிக்காமல் போனால் உயிரை எடுப்பாள். நடுவில் ஒரு நிலை அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது டீச்சர் வந்தாள். தினமும் அவளுக்குச் செம்பருத்தி, அவளுக்கு மட்டும் தனியாகக் கோக்கோ, அவள் நடக்கிற மாதிரியே நடை. ஒரு நாள் அந்த டீச்சர் இன்னொரு பிள்ளையின் கட்டுரையைப் பாராட்டி வகுப்பில் வாசித்துவிட்டாள். மறுநாள் டீச்சர் அறையின் ஜன்னலில் கண்ணாடி இல்லை.

இன்றைக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்வாள், நாளைக்கு அதற்காக அழுவாள். ஒரே வருஷத்தில் ஊரிலிருக்கிற மூன்று சபைக்கும் மாறி மாறிப் போய், மூன்று போதகர்களையும் தலையைச் சொறிய வைத்தாள். ஏனென்று கேட்டால், "எங்க போனாலும் நான் யாருன்னு தெரியலம்மா. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்பாள். மட்டலேனா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அடுத்த அரைமணியில் அதே பிள்ளை தட்டை விட்டெறியும்.

அம்மா கண்ணை விட்டு மறைவதுதான் லூபேக்கு ஆகவே ஆகாது. மாவுருண்டை விற்றுவிட்டு வருகிற வழியில் மட்டலேனா யாருடனாவது நின்று நாலு வார்த்தை பேசினால் வீட்டில் புயல்தான்.

"எங்க போன?"

"கடைக்காரியோட பேசிட்டு இருந்தேன்டி. இதோ வந்துட்டேன்ல."

"என்னை விட்டுட்டுப் போகத்தானே பேசிட்டு இருந்த? அப்பா மாதிரி நீயும் கப்பல் ஏறத்தானே?"

"எந்தக் கப்பலு? எண்ணெய்ச் சட்டியத் தலையில வெச்சுக்கிட்டா கப்பல் ஏறுவாங்க?"

வேறு பிள்ளையாக இருந்தால் இதற்குச் சிரிக்கும். லூபே சட்டியைப் பிடுங்கி வீசுவாள். கத்துவாள், தன் தலையைத் தூணில் மோதிக்கொள்வாள், செத்துப்போகிறேன் என்று கடற்கரைப் பக்கம் ஓடுவாள். மட்டலேனா பின்னாலேயே ஓடுவாள். சாலையில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, மரியாதை தெரிந்த ஜனங்களாகையால், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். கோபம் வடிந்ததும் லூபே ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் கால் மண்ணைக் கழுவிவிட்டு, மடியில் படுத்து அழுவாள். "நீ இல்லன்னா நான் இல்லம்மா" என்பாள். இது அன்பா மிரட்டலா என்று மட்டலேனாவுக்குப் புரிந்ததே இல்லை. இரண்டும்தான் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை.

முதலில் பெண்கள் சங்கம் நின்றது. பிறகு பாட்டுக் குழு நின்றது. சந்தைக்குப் போவதும் நின்றது. தீப்பெட்டியையும் கத்தியையும் துணிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, லூபேயின் கண் எட்டுகிற தூரம் வரைக்கும் மட்டும் நடமாடுவாள். நியூசிலாந்திலிருந்து ஃபெட்டு போன் செய்து, "புள்ள நல்லா இருக்காளா?" என்று கேட்டால், பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு லூபே உட்கார்ந்திருப்பாள். "நல்லா இருக்கா" என்பாள் மட்டலேனா. வேறென்ன சொல்வாள்?

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது. சாயங்காலம் தலைவிரித்துக்கொண்டு சாலையோரம் நின்றாள், செத்துப்போன அத்தையின் ஆவி பிடித்துக்கொண்டது என்றார்கள் சிலர். இலைச்சாறு வைத்தியக்காரி வந்து நீவிவிட்டாள். லூபேக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போய் ஒரு வாரம் அவள் வீட்டிலேயே கிடந்தாள். பிறகு அவளும் பகையாகிவிட்டாள். பிரம்பைத் தவிர்க்காதே என்றார் போதகர். ஃபெட்டுவின் அண்ணன் சாவேயா, குடும்பத்துக்குத் தலைவர், ஊர்ச்சபையில் உட்காருகிறவர், பிரம்பையும் எடுத்துப் பார்த்தார். அடி வாங்கினவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் அடிங்க பெரியப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவர் பிரம்பைத் தொடவில்லை.

"எல்லாப் புள்ளையும் இந்த வயசுல இப்படித்தான்" என்று சொன்னவர்களும் உண்டு. வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது நல்ல சொல்தான். ஆனால் சில வீட்டில் வாசற்படி கழுத்து உயரம் இருக்கும். தாண்டுகிறவளுக்குத்தான் அது தெரியும்.

இனிப் பாய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் செய்துவிட்டால், செய்தவர்கள் விடியற்காலையில் போய், பாதிக்கப்பட்டவர்கள் வீட்டு முன்னால் தரையில் உட்கார்ந்து, வீட்டிலிருக்கிற விலைமதிப்புள்ள மெல்லிய தாழம்பாயைத் தலையோடு போர்த்திக்கொள்வார்கள். முன்னால் விறகும் அடுப்புக் கல்லும் வைப்பார்கள். எங்களை வேகவைத்துத் தின்றாலும் சரி என்று அர்த்தம். யாரும் யாரையும் தின்று பல காலம் ஆகிவிட்டது, இருந்தாலும் விறகு காய்ந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். வீட்டுக்காரர்கள் வந்து பாயை எடுத்துவிட்டால் மன்னித்தாயிற்று. அதோடு அந்தப் பேச்சு செத்தது. மன்னிக்கப்பட்ட விஷயத்தை மறுபடி வாயெடுத்துப் பேசுகிறவன் இரண்டு குடும்பத்துக்கும் பகையாளி. பழிக்குப் பழி என்று கத்தி எடுக்கிற ஆண்களை அடக்கி வைத்த நல்ல வழக்கம் அது. நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கொலைக்கும் வெட்டுக்கும் வைத்திருந்த வழக்கத்தை மட்டலேனா மகளுக்காகத் தொட்டதற்கெல்லாம் எடுத்தாள். லூபே போதகர் வீட்டுப் பன்றிக் குட்டிகளைத் திறந்துவிட்டாளா? பாய். ஒரு பையனின் தாயைப் பற்றி ஊரெல்லாம் பொய் பரப்பினாளா? பாய். டீச்சரின் ஜன்னலா? அதற்கும் பாய். ஒவ்வொரு முறையும் அந்தப் பாய் மன்னித்தவர்கள் வீட்டோடு போய்விடும். மருமகள் வருகிறபோது கொடுப்பதற்கென்று வைத்திருந்த பாய்களெல்லாம் இப்படியே போயின. "மட்டலேனா வீட்டுல பாய் படுக்கறதுக்கில்ல, போத்திக்கறதுக்குத்தான்" என்று பெண்கள் சங்கத்தில் ஒருத்தி சொல்லப்போய், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். குட்டக் குட்டக் குனிகிறவள் என்று பெயர் எடுத்தாயிற்று.

இதில் இன்னொரு கெடுதல் இருந்தது. அது அவளுக்கு உறைத்தது வாய் என்ற பெயருடைய நர்ஸ் வந்த அன்றுதான்.

நர்ஸ் வாய் தலைநகரான ஆப்பியாவிலிருந்து வருகிறவள். மனநல மருத்துவத்துக்குப் படித்தவள், இந்தத் தீவு முழுவதற்கும் அவள் ஒருத்திதான். மாதம் ஒருமுறை படகேறி இந்தக் கரைக்கு வந்து, வண்டி பிடித்து ஊர் ஊராகச் சுற்றுவாள். எப்போதும் பசியோடு இருப்பாள். ஜன்னல் உடைந்த சமயம் தலைமையாசிரியர் சொல்லித்தான் வந்திருந்தாள். மட்டலேனா வைத்த மாவுருண்டைகளைத் தின்றுகொண்டே லூபேயிடம் ஏதேதோ பேசினாள். அன்றைக்கென்று லூபே தேனாகப் பேசினாள். நர்ஸின் கம்மல் அழகென்றாள், தானும் நர்ஸாகப் போவதாகச் சொன்னாள். அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டு நர்ஸ் பெரியவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு முன்னாடி இப்படி ஏதாவது நடந்திருக்கா?"

குடும்பத் தலைவராக வந்திருந்த சாவேயா பாய்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, "இல்ல. நல்ல புள்ள. ஒரு நாள் கோவம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மன்னித்தது நடக்காதது. அதுதான் முறை.

"நீங்க சொல்லுங்கக்கா."

மட்டலேனா மைத்துனரைப் பார்த்தாள். பன்றிக் குட்டிக் கதையைச் சொன்னால் போதகருக்குப் பகை. பையனின் தாயைப் பற்றிச் சொன்னால் அந்த வீட்டுக்குப் பகை. "இல்ல" என்றாள்.

நர்ஸ் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையை நக்கிக்கொண்டாள். "அப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இந்த வயசுல எல்லாப் புள்ளைக்கும் கோவம் வரும், அழுகை வரும், ஒரு நாள் ஒரு முடிவு, மறுநாள் ஒரு முடிவு. குணம் உருவாகுற வயசு. ஒரு தடவை நடந்ததை வெச்சு நான் பேர் வைக்கக் கூடாது. அதே மாதிரி திரும்பத் திரும்ப வந்தா, வீட்டுல, பள்ளிக்கூடத்துல, கூட்டாளிங்க கிட்டன்னு எல்லா எடத்துலயும் வந்தா, வருஷக்கணக்கா விடாம இருந்தா, அது வேற சங்கதி. அது ஆளுமைக் கோளாறா இருக்கலாம். திமிரும் இல்ல, பேயும் இல்ல, வளத்த தப்பும் இல்ல. உக்காந்து பொறுமையா பேசிப் பேசிப் பழக்கினா அடங்குற சங்கதிதான். ஆனா அதுக்கு முழுக்கதையும் தெரியணுமே."

மட்டலேனா அந்த வார்த்தைகளையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். திரும்பத் திரும்ப. எல்லா இடத்திலும். வருஷக்கணக்காக. யாரோ அவள் வீட்டு மூலையில் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு வந்து சொன்ன மாதிரி இருந்தது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குத்தான். பிள்ளை மனசுக்கு மொத்தச் சோற்றையும் கொட்டிப் பார்க்க வேண்டும். இவளோ ஒவ்வொரு பருக்கையையும் ஒவ்வொரு பாய்க்கு அடியில் புதைத்துவிட்டு வந்திருந்தாள். ஊரில் யாருக்கும் முழுக்கதை தெரியாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் நிறுத்தலாம் என்று கால் துடித்தது. லூபே தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள். கால் நின்றுவிட்டது.

பிறகு தீ வந்தது.

அடுத்த வீட்டு ஸெஃபினாவின் மகள் நிவே லூபேக்கு உயிர்த்தோழி. குழந்தைகள் ஞாயிறு என்ற திருநாள் வருகிறதென்று பிள்ளைகளெல்லாம் வெள்ளைத் துணி தைத்து, தேவாலயத்தில் ஒப்பிக்க வசனம் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டிரண்டு பேராக நின்று ஒப்பிப்பது வழக்கம். நிவே வேறொரு பெண்ணோடு நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். அன்று சாயங்காலம் ஊர் பிரார்த்தனைக்குச் சங்கு ஊதி, எல்லோரும் அவரவர் வீட்டில் தலைகுனிந்திருந்தபோது, கொடியில் காய்ந்த நிவேயின் வெள்ளைப் பாவாடை எரிந்தது. அதிலிருந்து சமையல் கொட்டகையின் ஓலைக்கூரை பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுவதும் போயிற்று. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊர்ச்சபை கூடியது. ஸெஃபினாவின் குடும்பம் மன்னிக்காவிட்டால் ஃபெட்டு குடும்பம் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பு. எங்கே போவது? ஆப்பியாவில் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருக்கிறார். குடிப்பார், அடிப்பார். அந்த வீட்டில் லூபே ஒரு மாதம் உயிரோடு இருக்க மாட்டாள் என்று தாய்க்கு நிச்சயமாகத் தெரிந்தது.

விடியற்காலையில் சாவேயாவும் மட்டலேனாவும் விறகு கல்லோடு போய் ஸெஃபினாவின் வாசலில் உட்கார்ந்தார்கள். மீதமிருந்த கடைசிப் பாய் தலைக்குமேல். லூபேயைப் பார்த்துக்கொள்ளச் சாவேயாவின் மனைவியை வைத்துவிட்டு வந்திருந்தார்கள். வெயில் ஏறியது. பாய்க்குள் வேர்த்து ஊற்றியது, கரிந்த ஓலையின் நாற்றம் தொண்டையில் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

மட்டலேனாவுக்குக் கோபம் வந்தது. ஸெஃபினாமேல் இல்லை, பெற்ற மகள்மேல். இதுவரை அதை அவள் தனக்குத் தானேகூட ஒப்புக்கொண்டதில்லை. என் குரலைத் தின்றாள், என் சிரிப்பைத் தின்றாள், என் பாயையெல்லாம் தின்றாள் என்று நினைத்தாள். ஒரேயடியாகச் செத்துப்போனால் தேவலை என்று நினைத்தாள். யார் சாக வேண்டும் என்பதை முடிக்காமல் நிறுத்திக்கொண்டு, பயந்துபோய் முணுமுணுவென்று ஜெபம் சொன்னாள்.

அப்போது யாரோ ஓடிவரும் சத்தம். சாவேயாவின் மனைவியின் கூச்சல். பாயின் ஓரம் தூக்கப்பட்டு, ஒரு தலை உள்ளே நுழைந்தது. லூபே.

வெளியே ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை தானாக ஓடிவந்து பாய்க்கடியில் புகுந்ததைக் கண்டதும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உள்ளே நடந்தது வேறு.

"எந்திரிம்மா. என்னை விட்டுட்டு இங்க எதுக்கு உக்காந்திருக்க?" பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள் லூபே. அம்மாவின் கைச்சதையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள்.

"மெதுவாப் பேசுடி. உனக்காகத்தான்."

"எனக்காகவா? அவங்க கிட்டப் போய்க் கெஞ்சற. அவதானே என்னைத் தூக்கிப் போட்டா? நீ அவங்க பக்கம். நீயும் என்னை வெறுக்கற, எனக்குத் தெரியும்."

"இல்லடி என் தங்கம்."

"அப்ப வா வீட்டுக்கு. இப்பவே வா." பிறகு குரல் உடைந்தது. "விட்டுட்டுப் போயிடாதம்மா. நான் என்ன பண்ணேன்னு எனக்கே புரியல. எரியறப்ப பாத்துட்டே நின்னேன். யாரோ பண்ற மாதிரி இருந்துச்சு."

சாவேயா பக்கத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காதவராக உட்கார்ந்திருந்தார்.

பாய் விலகியது. ஸெஃபினாவின் புருஷன் நின்றிருந்தார். கட்டிக்கொண்டு அழுகிற தாயையும் மகளையும் பார்த்தவுடன் அவர் கல்மனசு கரைந்துவிட்டது. ஊர்ச்சபையில் பேசுகிறவர்கள் பிடிக்கிற கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "புள்ளையே வந்து தலை குனிஞ்சிட்டா. இதுக்கு மேல என்ன வேணும்? இந்தப் பேச்சக் கடல்ல போட்டாச்சு. எடுக்கறவன் எங்களுக்கு ஆகாதவன்" என்றார். பன்றி அறுத்தார்கள். எல்லோரும் லூபேயின் தலையைத் தடவினார்கள். அவள் அதில் குளிர்ந்துபோய் நிவேயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஊருக்கே பரம திருப்தி.

மட்டலேனா சேப்பங்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஊரை விட்டுப் போக வேண்டாம், சரி. ஆனால் இதுவும் மூடப்பட்டுவிட்டது. இருந்ததிலேயே பெரிய சங்கதி இருந்ததிலேயே ஆழமாகப் புதைந்துவிட்டது. அடுத்த முறை கூரைக்கடியில் ஆள் இருந்தால்? அடுத்த முறை லூபே உள்ளே இருந்தால்?

அந்த மாதம் நர்ஸ் வாய் மறுபடி வந்தாள். சாவேயா முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டார். "கோக்கோ குடுத்து அனுப்பு. அந்தப் பேச்சுதான் தீந்து போச்சே" என்று மட்டலேனாவின் காதில் சொல்லிவைத்தார்.

நர்ஸ் கோக்கோவை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் பக்கம் பார்த்தாள். மண்ணில் கருப்பு இன்னும் போகவில்லை.

"அங்க என்ன எரிஞ்சது?"

"அடுப்பு நெருப்பு. காத்து அடிச்சுது" என்றார் சாவேயா.

"அக்கா, லூபே எப்படி இருக்கா?"

லூபே தூணில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஸெஃபினா அரிவாளால் புல் செதுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில்லாத வீட்டில் ரகசியம் பேச இடமேது? பேசினால் அவள் காதில் விழும். விழுந்தால் மன்னிப்பு போயிற்று, ஊர் போயிற்று. பேசாவிட்டால் வண்டி கிளம்பிவிடும்.

மட்டலேனா வாயைத் திறந்தாள். பாட்டுக் குழுவை விட்டதிலிருந்து எடுக்காத குரல் வந்தது. அது தெருவுக்கே கேட்டது.

"அடுப்பு இல்ல நர்ஸம்மா. எம் மக வெச்ச தீ."

"மட்டலேனா!" என்றார் சாவேயா.

"அதுக்கு முன்னாடி டீச்சர் ஜன்னல். அதுக்கு முன்னாடி போதகர் வீட்டுப் பன்னி. அந்தப் பையனோட அம்மாவப் பத்தி இவ சொன்னது அத்தனையும் பொய். பன்னெண்டு வயசுலருந்து இப்படித்தான். இன்னிக்குக் காலக் கழுவி விடுறா, நாளைக்குச் சட்டியால அடிக்கிறா. நான் கடைத்தெருவுக்குப் போனா கடல்ல விழப் போறா. போன தடவ நீங்க கேட்டப்ப இல்லன்னேன். இருந்துச்சு. எல்லாம் இருந்துச்சு. எனக்கு இவளப் பாத்தாப் பயமா இருக்கு. இவ இல்லாமப் போயிடுவாளோன்னும் பயமா இருக்கு."

"வாய மூடு! குடும்பத்த நாசம் பண்ணாத!" சாவேயா எழுந்துவிட்டார்.

"நாசம் ஆயிட்டுத்தானே அத்தான் இருக்கு? தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு. சாண் என்ன, முழம் என்ன?"

லூபேயின் முகம் வெளுத்துப்போனது. "மறந்துட்டேன்னு சொன்னியேம்மா. ஒவ்வொரு தடவையும் மறந்துட்டேன்னு சொன்னியே."

"மறக்கலடி. ஒண்ணையும் மறக்கல. அதுக்காக உன்னை விடவும் இல்ல."

புல் செதுக்குகிற சத்தம் நின்றிருந்தது. ஸெஃபினா அரிவாளோடு எழுந்து வந்துகொண்டிருந்தாள். சாவேயா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ஸெஃபினா, இவ புத்தி கெட்டுப் பேசறா, மனசுல வெச்சுக்காத" என்று குறுக்கே போனார். ஸெஃபினா அவரைச் சுற்றிக்கொண்டு வந்து தூணருகே நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஒண்ண விட்டுட்ட மட்டலேனா" என்றாள்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியாது. ஈஸ்டர் சமயம், நீ பள்ளிக்கூட வாசல்ல இருந்த. இவ எங்க வீட்டுக்கு வந்து நின்னா, கையெல்லாம் ரத்தம். தானே பண்ணிக்கிட்டது. கழுவிக் கட்டு போட்டு விட்டேன். அம்மாகிட்டச் சொன்னா நான் இருக்க மாட்டேன் அத்தைன்னா. நானும் புள்ளை ஏதோ கோவத்துல பண்ணிடுச்சுன்னு மன்னிச்சு மறந்துட்டேன்." ஸெஃபினா நர்ஸ் பக்கம் திரும்பினாள். "ஏதோ ஒரு தடவன்னு விட்டுட்டேன். அதயும் சேத்துக்குங்க."

மட்டலேனா ஸெஃபினாவின் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். சுவரே இல்லாத இரண்டு வீடு. நடுவில் ஒரு புல்தரை. தான் பெற்ற பிள்ளை ரத்தத்தோடு அதைத் தாண்டிப் போயிருக்கிறாள், தனக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரிக்கும் அவளைப் போலவே வாய் கட்டப்பட்டிருந்திருக்கிறது. அவள் அழுதாள், வெட்கப்படாமல், சத்தமாக.

"நீயுமா அத்தை?" என்றாள் லூபே. எழுந்தாள். தட்டியை இடித்துத் தள்ளிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினாள்.

மட்டலேனா எழப் பார்த்தாள். அழுகையில் கால் மடங்கிக்கொண்டு எழ வரவில்லை. அதற்குள் அரிவாளை வீசிவிட்டு ஸெஃபினா ஓடிவிட்டாள், "லூபே, நில்லுடி, நில்லு" என்று கத்திக்கொண்டே. நர்ஸ் கோக்கோக் குவளையை அப்படியே கீழே போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினாள்.

லூபே எப்போதும் செய்கிறபடி, கொஞ்ச தூரம் ஓடியதும் யாராவது வருகிறார்களா என்று நின்று திரும்பிப் பார்த்தாள். பெற்றவள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள்.